ஃபிளாஷ் அடிக்காத படம்

போன ஞாயிறு காலை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாண வேலை. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுமே வந்து சேரவில்லை. மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டும் காலியாக இருந்தன. சும்மா நிற்பதற்கு ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்ப்போமே என்று கேமராவைக் கண்ணில் வைத்தேன். பெண் உட்காரும் நாற்காலியில், சாய்மானத்தின் உச்சிக்கு ஒரு சாண் கீழே, கேமரா ஒரு சின்னச் சதுரம் போட்டது.

அந்தச் சதுரம் எதற்கு வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் மனித முகம் இருந்தால்தான் வரும்.

கேமராவை அந்தப் பக்கம் திருப்பினேன். சதுரம் போய்விட்டது. மறுபடி நாற்காலிக்குக் கொண்டுவந்தேன். அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஓரடி நகர்ந்தால் அதுவும் கொஞ்சம் நகர்ந்தது, என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல.

மேடைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த ஆள் சிரித்தார். "என்னண்ணே, காலி நாற்காலிய அஞ்சு நிமிஷமா குறி பாக்குறீங்க? அது எங்கயும் ஓடிறாது லா."

"நான் ஓடாம இருக்கேனான்னு பாத்துக்கிட்டிருக்கேன் தம்பி" என்றேன். அவருக்கு அது பகடி. எனக்கு உண்மை.

வெல்வெட்டில் இரண்டு பொத்தானும் கீழே ஒரு மடிப்பும் இருந்தால் இயந்திரம் அதை முகமென்று நினைத்துக்கொள்ளும் என்று என் மகள் பிறகு விளக்கினாள். இருக்கலாம். அவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறவள். நான் ஓ-லெவல் பரீட்சையில் மூன்று பாடம் தேறியவன். அதில் ஒன்று தமிழ், அதுவும் இழுத்துப்பிடித்து. ஆனால் அந்த மாதிரி நாற்காலியில் நீ உட்கார்ந்தால் உன் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்கு அளவெடுத்ததுபோலத் தெரியும். சதுரம் அந்த உயரத்தில்தான் இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உயிரோடு இருந்தபோது மட்டும் பொறுத்துக்கொண்டாயா என்ன, ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

நம் இருவருக்கும் சோறு போட்டது சாங்கியில் உள்ள சரக்குக் கிடங்கு. ஒரே ஷிப்ட், ஒரே பாரந்தூக்கி வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினோம். வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று படம் எடுக்கப் போனது உன் யோசனை. நான் கூட வந்தது, வீட்டில் இருந்தால் ஜன்னல் துடைக்கச் சொல்வார்கள் என்பதால்.

முதல் கல்யாணத்தில் நான் செய்த காரியத்தை உன் வாயால் நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஃபிளாஷைத் தானியங்கியில் விட்டுவிட்டேன். அது மணப்பெண்ணின் கறுப்புக் கூந்தலைப் பார்த்து இருட்டு என்று பயந்து, இருந்த வெளிச்சத்தையெல்லாம் கொட்டிவிட்டது. பெண்ணின் கழுத்தில் கிடந்த அத்தனை தங்கமும் வெள்ளைக் காகிதமாகிப் போனது. பெண்ணின் அம்மா படத்தைப் பார்த்து, "ஏம்ப்பா, நாங்க போட்ட நகை எங்க?" என்று கேட்டபோது போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

அன்றைக்கே நீ மேனுவலுக்கு மாற்றிவிட்டாய். எனக்கு எண்கள் ஏறவில்லை. அதனால் தேக்காவில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இலையைக் காட்டியே சொன்னாய்.

"இங்க பாரு மச்சான். ஹால் வெளிச்சம் சோறு. ஃபிளாஷ் கொழம்பு. ஷட்டர் மெதுவா போனா சோறு நெறைய விழும். ஆனா ஷட்டரால கொழம்ப ஒண்ணும் செய்ய முடியாது. அது ஒரு சொடக்குல ஊத்திட்டுப் போயிரும். கொழம்பு கூடுதா குறையுதான்னு ஃபிளாஷ் பவர்லதான் பாக்கணும்."

"அப்ப அபர்ச்சர்?"

"அது வாய். பெருசா தொறந்தா ரெண்டும் உள்ள போகும்."

"ஐஎஸ்ஓ?"

"பசி. அத ஏத்தாத. ஒனக்கு ஏற்கெனவே ஜாஸ்தி."

பக்கத்து மேசைக்காரர் எழுந்து போகும்போது நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே படத்துக்குள் இரண்டு வெளிச்சம் தனித்தனியாக வந்து போகிறது. ஒன்று நிதானமாக இருந்துவிட்டுப் போகும். இன்னொன்று கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். இரண்டும் சரியாகச் சேர்ந்தால்தான் ஆள் ஆளாகத் தெரிவார்.

அதிலிருந்து வந்ததுதான் நம் வழக்கம். மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போவோம். நீ பெண்ணின் நாற்காலியில் உட்காருவாய். "என் நிறத்துக்குச் சரியா வந்துட்டா எவ நிறத்துக்கும் வந்துரும்" என்பாய். முதலில் ஷட்டரை வேகமாக்கி ஹால் வெளிச்சத்தை முழுக்கக் கொல்வேன். பிறகு ஃபிளாஷை முழு பலத்தில் ஒரு அடி. அது உன்னை வெளுத்துவிடும். பாதி, கால், அரைக்கால் என்று இறக்கிக்கொண்டே வருவேன். முகம் சரியானதும் ஷட்டரை மெதுவாக்கி, பின்னால் இருக்கும் மேடை விளக்குகளைக் கொண்டுவருவேன். எல்லாம் சரி என்று நான் கட்டைவிரலைக் காட்டியதும் நீ எழுந்து போய்விடுவாய். வேலை முடிந்து டீ குடிக்கும்போது அந்தச் சோதனைப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழிப்பேன். கல்யாண ஆல்பத்தில் உன் மூஞ்சி எதற்கு?

எத்தனை கல்யாணம், எத்தனை நாற்காலி. அத்தனையும் அழித்தேன்.

நீ போனது ஒரு வியாழக்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து, தெம்பனிஸ் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, மத்தியானம் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில் உன்னைக் கிடத்தி, தலைமாட்டில் ஒரு படம் வைத்திருந்தார்கள். உன் ஐசி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியது. பெரிதாக்கியதில் கண் இரண்டும் கலங்கி, உதடு கோடாகி, எவனோ ஒரு திருடன்போல இருந்தாய். வந்தவர்கள் எல்லாரும் அந்தத் திருடனுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

வசந்தி அழுதுகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அண்ணே, ஊர்ல உள்ளவங்க கல்யாணமெல்லாம் எடுத்தீங்களே. இவர நல்லா ஒண்ணு எடுத்து வச்சிருக்கக் கூடாதா?"

உன் மனைவியிடம் போய், எடுத்தேன், எடுத்து எடுத்து அழித்தேன் என்றா சொல்வது?

பத்து மாதம் கழித்து அவளே போன் செய்தாள். வருஷ திதிக்குக் கோயிலில் என்ன ஏற்பாடு என்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று குரலை இறக்கினாள், பக்கத்தில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.

"அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. இவரு மொகம் எனக்கு மறந்துக்கிட்டு வருது."

"அதெப்படிம்மா மறக்கும்?"

"நெனச்சுப் பாத்தா அந்த ஐசி மொகந்தான் வருது. முந்தாநாளு கனவுல வந்தாரு. நடை இவரு நடை. சட்டை இவரு சட்டை. மேல அந்த மொகம். என்கிட்ட வந்து உக்காந்தாரு. எனக்குப் பயமாப் போச்சுண்ணே. என் புருஷனப் பாத்து எனக்குப் பயமாப் போச்சு."

நான் சிரிக்கவில்லை.

"ஏதாச்சும் ஒரு படம் குடுங்கண்ணே. மூக்கு மட்டும் தெரிஞ்சாலும் போதும். அத மாட்டிட்டு இத எடுத்துர்றேன். இல்லைன்னா இந்த ஆளு இவர முழுசா தின்னுருவாரு."

நாம் சேர்ந்து பார்த்த கடைசிக் கல்யாணத்தின் மெமரி கார்டு என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நீ போன பிறகு அதைக் கேமராவில் போடக் கை வரவில்லை. அதில் உன் படம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அழித்தவன் நான்தானே. ஆனாலும் மகளிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"ப்பா, டிலீட் பண்ணா படம் அழியாது" என்றாள். "அது பேருதான் அழியும். அந்த இடம் காலின்னு கார்டு நெனச்சுக்கும். மேல வேற படம் எடுக்காத வரைக்கும் உள்ளதான் இருக்கும்."

"உள்ளயேவா? பத்து மாசமா?"

"யெஸ் ப்பா. ஏன் மொகம் இப்படி ஆவுது? சாஃப்ட்வேர் போட்டா எடுத்துரலாம், சில் பண்ணுங்க."

சனிக்கிழமை மத்தியானம். வெளியே மழை. கணினியில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக நீ வந்தாய்.

முதல் படத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு வெள்ளைப் புகை, நடுவில் பல் வரிசை மட்டும். முழு பலத்தில் அடித்தது. இரண்டாவதில் நெற்றியும் கன்னமும் கரைந்து போயிருந்தன. மூன்றாவது கோப்பு பாதி கெட்டிருந்தது. மேல் பாதி முழுக்கச் சாம்பல் நிறக் கட்டம். கட்டத்துக்குக் கீழே, கழுத்தில் ஒரு ரோஜா மாலை. யாருக்கோ வாங்கி மிஞ்சியதை எடுத்துப் போட்டுக்கொண்டு நீ அன்றைக்குக் கூத்தடித்தாய். "டேய், செவுத்துல மாட்டின படம் மாதிரி இருக்கு, கழட்டு" என்று நான் கத்தினேன். இப்போது மாலை இருக்கிறது. மாலைக்கு மேலே நீ இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல்.

நாலாவதில் குனிந்து செருப்பைப் பார்க்கிறாய். ஐந்தாவதில் கண் மூடியிருக்கிறாய். ஆறாவதில் என்னைத் திட்ட வாயைக் கோணியிருக்கிறாய். அதற்கடுத்ததில் வெளிச்சம் ஏறக்குறைய சரி, ஆனால் நீ பாதி எழுந்துவிட்டாய், தலை படத்துக்கு வெளியே. கடைசிப் படத்தில் முகத்துக்கான வெளிச்சமும் சரி, பின்னால் மேடை விளக்குகளும் சரி, அத்தனை அழகு. நாற்காலி காலி. அதன் வெல்வெட்டில் ஒரு பள்ளம், எழுந்து போனவர் விட்டுப்போனது.

மகள் படங்களை மறுபடி முதலிலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ப்பா, ஏன் அங்கிள் எல்லாத்துலயும் போய்க்கிட்டே இருக்காரு?"

சரியாக வந்ததும் எழுந்து போவதுதானே நம் வழக்கம். அதனால் இந்த உலகத்தில் நீ சரியாக விழுந்த படம் என்று ஒன்று கிடையாது. அந்த ஏற்பாட்டைப் போட்டதே நாமிருவரும்தான்.

அவள் எழுந்து போன பிறகுதான் முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் படம் இருந்ததைக் கவனித்தேன். முழுக் கறுப்பு. கெட்டுப்போன கோப்பு என்று தாண்டியிருந்தோம். கெட்டுப்போகவில்லை. அது என் அவசரம். ஃபிளாஷ் முழு பலத்தில் ஒரு தடவை அடித்தால் மறுபடி சேர்த்துக்கொள்ள நாலைந்து நொடி வேண்டும். "பின்னால செவப்பு லைட்டு எரியிற வரைக்கும் பொறு, செவப்பு லைட்டு எரியிற வரைக்கும் பொறு" என்று நீ தலைபாடாக அடித்துக்கொள்வாய். நான் எப்போது பொறுத்தேன்? அழுத்தியிருக்கிறேன், ஃபிளாஷ் அடிக்கவில்லை. ஹால் வெளிச்சத்தையும் ஷட்டரால் கொன்று வைத்திருந்ததால் படம் இருட்டு.

உன் வாக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "வெளுத்துப் போனது போனதுதான் மச்சான். இருட்டுல இருக்கறவன் கூப்பிட்டா வருவான்."

கூப்பிட்டேன். கணினியில் வெளிச்சத்தைக் கூட்டும் பட்டையை மவுஸால் பிடித்து மெல்ல வலப்பக்கம் இழுத்தேன். முதலில் கண்ணின் வெள்ளை இரண்டு புள்ளியாக வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நெற்றியில் திருநீறு. பிறகு கன்ன எலும்பு, மீசை, காதோரம் நீ மை பூச மறந்த நரை. மழைச் சத்தம் நின்றுவிட்டதுபோல இருந்தது. நீ என் எதிரே இருட்டிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தாய், கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு. நீதான். ஒரு முடி மாறாமல் நீ.

இன்னும் இழுத்திருக்கக் கூடாது. இழுத்தேன். கை தெரிந்தது. வலது கையை முஷ்டியாக மடக்கி இடது நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்தாய். இடது தோள் மேலே ஏறியிருந்தது. புருவம் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அன்று காலை முழுவதும் திரும்ப வந்தது. "நெஞ்சுல ஏதோ பிடிக்குது மச்சான், வாயுன்னு நெனைக்கிறேன்" என்றாய். "காலையில அத்தன வடைய யாரு தின்னச் சொன்னா?" என்றேன். சிரித்தாய். வழக்கத்தைவிட அதிக நேரம் நாற்காலியிலேயே இருந்தாய். "டேய், எழுந்திரு, பொண்ணு வந்துருச்சு" என்று விரட்டினேன். எழுந்தாய். அதற்குப் பதினோராம் நாள்தான் அந்த வியாழக்கிழமை.

ஃபிளாஷ் அடிக்கவில்லை என்பதால் எனக்குக் கேமராத் திரையில் வெறும் கறுப்பு தெரிந்தது. அடித்திருந்தால் அந்தக் கையைப் பார்த்திருப்பேனா? தெரியவில்லை. பார்த்திருந்தாலும் வடையைத்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. என்னை எனக்குத் தெரியும்.

வசந்திக்கு முகம் வேண்டும். முகம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கையை எப்படிக் கொடுப்பது? தோளோடு வெட்டினேன். அச்சடித்து, சட்டம் போட்டு, தெம்பனிஸுக்குப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நீ என் தொடையில் கனத்தாய்.

அவள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலால் மீசையைத் தொட்டாள். "இதான்" என்றாள். "இதான்ணே. இதான் இவரு." உட்கார்ந்து அழுதாள். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அழுது முடித்து மறுபடி பார்த்தாள். "கை எங்கண்ணே?"

"என்ன கை?"

"தோள் தூக்கியிருக்கே. சும்மா இருந்தா இவரு தோள் இப்படி இருக்காது. கைய எங்க வச்சிருக்காரு?"

இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்தவளிடம் நான் படத்தை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், பார். எல்லாவற்றையும் சொன்னேன். வடையைச் சொன்னேன். எழுந்திரு என்று விரட்டியதைச் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தாள்.

"என்கிட்டயும் வாயுன்னுதான் சொன்னாரு" என்றாள். "ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டு நல்லாருக்குன்னாரு. பத்து நாளும் குடுத்தேண்ணே. பத்து நாளும் நல்லாருக்குன்னாரு."

மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"கையோட குடுங்க" என்றாள். "கைய வெட்டிட்டா அவரு நம்ம ரெண்டு பேரையும் பாக்குற மாதிரி இல்ல. யாரோ பாக்குற மாதிரி இருக்கு."

முழுப்படத்தை அச்சடித்துக் கொடுத்தேன். இதற்கு மேல் வெளிச்சம் ஏற்றினால் புள்ளி புள்ளியாகச் சிதறும் என்பதால் கொஞ்சம் இருட்டாகவேதான் இருக்கும் என்று எச்சரித்தேன். ஐசிப் படத்தைத் துணியில் சுற்றி அலமாரி அடியில் போட்டுவிட்டு, அதே ஆணியில் உன்னை மாட்டினாள். மறுவாரம் போன் வந்தது. "வந்தாருண்ணே. ஒண்ணும் பேசல. ஆனா அவரு மொகத்தோட வந்தாரு. நான் பயப்படல."

வருஷ திதிக்குப் போயிருந்தபோது நானே பார்த்தேன். பகலில் ஜன்னல் வெளிச்சம் இருக்கும்வரை சுவரில் நீ இருக்கிறாய். ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் குறையக் குறைய முதலில் கை உள்ளே போகிறது, பிறகு கன்னம், பிறகு கண். ஏழரைக்கு அங்கே வெறும் கறுப்புச் சட்டம்தான் தொங்குகிறது. படத்துக்கு மேலே ஒரு சின்ன விளக்கு மாட்டித் தரட்டுமா என்றேன்.

"வேணாண்ணே" என்றாள் வசந்தி, கிண்ணத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டே. "சாயங்காலம் போறாரு, காலையில வந்துர்றாரு. ஷிப்ட்டு மாதிரி. இருக்கட்டும்."

எனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆகஸ்டில் தேசிய தினத்துக்கு முந்தின நாள் நம் கிடங்கில் வழக்கம்போல எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். கொடி ஏறியது. உறுதிமொழி சொல்ல எல்லாரும் வலது கையை மடக்கி நெஞ்சில் வைத்தார்கள். இருநூறு பேர், இருநூறு முஷ்டி, எல்லாம் இடது நெஞ்சில். பள்ளிக்கூடத்திலிருந்து செய்துவருகிற காரியம். இந்தத் தடவை நான் கொடியைப் பார்க்கவில்லை. வரிசை முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யார் தோள் தூக்கியிருக்கிறது? யார் புருவம் முட்டுகிறது? யார் வாயு என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்?

பக்கத்தில் நின்ற லிம் முழங்கையால் இடித்தான். "ஹே பிரதர், என்ன தேடுற? முன்னால பாரு லா."

முன்னால் பார்த்தேன். என் கையும் அங்கேதான் இருந்தது. மற்றவர்கள் சொல்லி முடித்துக் கையை இறக்கினார்கள். நான் இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். உள்ளே அது அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த அடி வருகிறதா என்று பொறுத்திருந்து பார்த்தேன். வந்தது.